பேச வருகிறவரைத் தடுக்க வேண்டாம். மைக்கை மாணவர் கையிலும் கொடுக்கச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கேள்வி: நாங்கள் பாடாங் செராய் பக்கம் இருக்கிறோம். என் கணவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தை விற்ற பிறகு கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலராக இருக்கிறார். பெரிய மகள் எஸ்.டி.பி.எம். முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். அங்கே இந்திய மாணவர்கள் சேர்ந்து ஒரு வழக்கறிஞரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள், காவலில் இறந்தவர்கள், உடைக்கப்பட்ட கோயில்கள் என்று பேசுகிறவர். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது "வேறு ஆளைப் போடுங்கள்" என்று நிர்வாகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லை. காரணம் கேட்டுக் கடிதம் கொடுக்கப் போகிறார்கள், மகளும் கையெழுத்துப் போடப் போகிறாளாம். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. பி.டி.பி.டி.என். கடனை நிறுத்திவிடுவார்களா? "படிக்கப் போன இடத்தில் படிப்பை மட்டும் பார்" என்று நான் சொன்னால் அது தப்பா? – ஒரு தாய், பாடாங் செராய்

பதில்: கையெழுத்துப் போடட்டும் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதற்காகத்தான் தூங்காமல் இருக்கிறீர்கள்.

காரணம் கேட்டு மரியாதையாக எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்டதற்காகக் கல்விக் கடன் நிற்காது. கடன் படிப்பைப் பொறுத்தது. மதிப்பெண் சராசரி 2.00-க்குக் கீழே போனாலோ, படிப்பே இடையில் நின்றாலோதான் அங்கே சிக்கல் வரும். கடிதம் கொடுப்பது ஒன்று, அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டுவது இன்னொன்று. பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் மாணவர் ஒழுங்கு விதிகளில் கூட்டம், ஒலிபெருக்கி, பதாகை மூன்றுக்கும் முன் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. மகளிடம் அந்த வித்தியாசத்தை மட்டும் விளக்கிச் சொல்லுங்கள். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

"படிப்பை மட்டும் பார்" என்று சொல்வதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? தோட்டத்துப் பிள்ளை ஒன்று மேலே வர எத்தனை பேர் வயிற்றைக் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை பார்க்க வேண்டும். அது கெடாவிலிருந்தே வந்தது.

1974 கடைசியில் ரப்பர் விலை விழுந்தது. அரிசி, சீனி விலை ஏறியது. பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், நவம்பரில் ஊர்வலமாகத் தெருவுக்கு வந்தார்கள். முதலில் சில ஆயிரம் பேர், பிறகு பல்லாயிரம் பேர். பட்டினிச் சாவு என்ற பேச்சு எழுந்தது, அரசாங்கம் மறுத்தது. விலையோடு கட்டப்பட்டிருந்த நம் தோட்டக் கூலியும் அதே சரிவில்தான் அடிவாங்கியது. டிசம்பர் 3 அன்று பாலிங் மக்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இளைஞர் தலைவராக இருந்த அன்வார் இப்ராகிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு உள்ளே இருந்தார். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சையத் உசேன் அலி ஆறு ஆண்டு இருந்தார். அப்போது கல்வி அமைச்சர் நம் அலோர்ஸ்டார்க்காரர் மகாதீர். 1971-ல் வந்திருந்த பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், அதாவது பிள்ளைகள் 'ஆக்கு' என்று சொல்கிற சட்டம், 1975-ல் இறுக்கப்பட்டது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். ரப்பர் மரம் வெட்டுகிறவனின் கஷ்டத்தைப் பற்றி மாணவர்கள் பேசியதற்காக இறுக்கிய சட்டம் அது. இன்று ரப்பர் மரம் வெட்டியவர்களின் பேத்தி அந்தச் சட்டத்துக்குள் படிக்கிறாள். "வாயை மூடிக்கொண்டு படி" என்ற சொல் மலேசியப் பெற்றோர் நாக்கில் உட்கார்ந்தது அந்த ஆண்டுகளில்தான் என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் அன்றைக்கு இருந்தபடியே இன்று இல்லை. 2010-ல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கக்கூடாது என்று மாணவர் வாயைக் கட்டிய பிரிவு பேச்சுரிமைக்கு விரோதம், செல்லாது என்று தீர்ப்பளித்தது. மூவரில் இரண்டு நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள். 2012-ல் வளாகத்துக்கு வெளியே கட்சியில் சேரலாம் என்றாகி, 2018 டிசம்பரில் வளாகத்துக்குள்ளும் அரசியல் செய்யலாம் என்று திருத்தம் வந்தது. 2024-லும் ஒரு திருத்தம் வந்தது. சட்டத்தை முழுதாக நீக்க இதுவரை யாரும் துணியவில்லை. 1974-ல் இதே காரணத்துக்காக உள்ளே போனவர் இன்று பிரதமராக இருக்கும்போதும் அது நிற்கிறது. எனக்கு இது உண்மையான வருத்தம்.

பேச்சாளரை வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கவும் அன்வாரின் கதையே உதவும். 2014 அக்டோபர் 27 இரவு அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேச வேண்டும். பாலிங் போராட்டம் முடிந்து நாற்பது ஆண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து சிறை வரை என்பதுதான் தலைப்பு. மறுநாள் கூட்டரசு நீதிமன்றத்தில் சிறைத் தண்டனைக்கு எதிரான அவருடைய கடைசி மேல்முறையீடு. மாணவர் மன்றம் அழைத்தது, நிர்வாகம் வாயிற்கதவைப் பூட்டியது. வளாகத்தில் விளக்குகள் அணைந்தன. மாணவர்கள் கதவைத் தள்ளித் திறந்து அவரை உள்ளே கூட்டிப்போக, அவர் இருட்டில் பேசினார். எட்டு மாணவர்கள் விசாரணைக்கு நின்றார்கள். மன்றத் தலைவர் ஃபாமி சைனோலுக்கு இரண்டு பருவம் இடைநீக்கம், 600 வெள்ளி அபராதம். கதவு திறந்தே இருந்திருந்தால் ஒரு மண்டபம், ஒரு மணி நேரப் பேச்சு, கொஞ்சம் கைதட்டு, கொஞ்சம் கடினமான கேள்வி என்று முடிந்திருக்கும். பூட்டியதால் நாடு முழுவதும் அது செய்தியானது. ஒரு பையனின் படிப்பும் அதில் சிக்கியது.

இனி நான் உங்களுக்கு மிக முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் சிந்தோக் வந்துவிடும். அங்கே வட மலேசியப் பல்கலைக்கழகம், யு.யு.எம். 2012 டிசம்பர் 8 அன்று அங்கே மாணவரும் அரசியலும் என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கு நடந்தது. பேச வந்தவர் சுவாரா வனித்தா 1மலேசியா என்ற அமைப்பின் தலைவி ஷரிஃபா சோஹ்ரா ஜபீன். மண்டபம் நிறைய மாணவர்கள். தூய்மையான தேர்தல் கேட்டுப் போராடிய வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசனைப் பேச்சாளர் கடுமையாகத் தாக்கிப் பேசினார். பிறகு சட்டம் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் எழுந்தாள். பெயர் பவானி. அம்பிகாவை அப்படிப் பேசியது சரியில்லை என்றாள். கியூபா, அர்ஜென்டினா போன்ற நாடுகள் இலவசமாக உயர்கல்வி கொடுக்கும்போது நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்டாள். உங்களைத் தூங்கவிடாத அதே கல்விக் கடன் பற்றிய கேள்விதான்.

பேச்சாளர் மேடையை விட்டு அவள் பக்கத்துக்கே வந்தார். மைக்கை எடுத்துக்கொண்டார். "லிசன், லிசன், லிசன்" என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. மிருகங்களுக்கும் பிரச்சினை உண்டு என்றார். பிடிக்கவில்லை என்றால் வேறு நாட்டுக்குப் போகலாம் என்ற பொருளில் பேசினார். பவானி நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்ப ஒரு வார்த்தை பேச மைக் அவளிடம் வரவில்லை. மண்டபம் கைதட்டியது. அடுத்த மாதம், 2013 ஜனவரியில், அந்தக் காணொளி வெளியே வந்தது. நாடே பார்த்தது. "லிசன்" என்ற ஒரு சொல்லை வைத்துப் பாட்டும் கேலியும் கிளம்பின. அந்தப் பெண்ணின் கேள்வியோ மண்டபத்துக்குள் அடங்காமல் பட்டர்வொர்த் பேருந்து நிலையம் வரை பேசப்பட்டது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பேச்சாளரை யு.யு.எம். அழைத்தது எனக்குத் தவறாகவே படவில்லை. அவர் கருத்து எனக்கு எவ்வளவு பிடிக்காமல் போனாலும் அவர் வரட்டும், பேசட்டும். ஒரு பக்கத்தை மட்டும் மேடை ஏற்றியது தவறு. கேள்வி கேட்டவள் கையிலிருந்து மைக் போனதும் நடத்தியவர்கள் யாரும் எழுந்து "அவளை முடிக்க விடுங்கள்" என்று சொல்லாததும்தான் பெருந்தவறு. பேச்சுரிமை என்றால் மேடையில் நிற்பவரின் உரிமை என்றே நாம் பழகிவிட்டோம். கீழே உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கு யாரைக் கேட்கலாம் என்று தாங்களே முடிவு செய்யவும், கேட்ட பிறகு எதிர்க்கேள்வி போடவும் உரிமை இல்லையா? உங்கள் மகள் கேட்பது அதைத்தான். வழக்கறிஞருக்கு மேடை கிடைக்காவிட்டால் அவருக்கு நட்டமில்லை, அவர் வெளியே எங்கே வேண்டுமானாலும் பேசிக்கொள்வார். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிச் சேர்க்கைக்கு அலையும் பிள்ளைகள் கெடாவில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் பட்டம் வாங்கப் போகும் அந்த மாணவர்களுக்குத்தான் நட்டம்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்கு உடனே புரியும். தோட்டம் தனியார் நிலம். வெளி ஆள் உள்ளே வந்து தொழிலாளிகளிடம் பேசுவதென்றால் துரையின் தயவு வேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. பேசும் உரிமை கேட்டார்கள், கூட்டம் கூடும் உரிமை கேட்டார்கள். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்து போக விடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அவர்களோடு நின்ற 'தமிழ் நேசன்' துணையாசிரியர் ஆர்.எச். நாதனை வெள்ளைக்காரன் நாடு கடத்தினான். கெடாவில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சுற்றி எழுந்த தொண்டர் படையும் 1947-ல் கள்ளுக்கடைக்கு எதிராகப் பேசித்தான் போலீஸ் தடியடியைச் சந்தித்தது. பால்மரம் வெட்டப் போன, எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன் பாட்டிகள் பேச்சுரிமையைக் கூலிக்குச் சமமாக வைத்துக் கேட்டிருக்கிறார்கள். படித்த பிள்ளை அதைக் கேட்கக் கூடாதா?

கடிதம் எழுதும்போது இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக வந்த உத்தரவை அவர்கள் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்: இந்தத் தேதியில், இந்த நிகழ்ச்சிக்கு, பேச்சாளரை மாற்றும்படி எங்களிடம் சொல்லப்பட்டது, காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. யாரையும் திட்ட வேண்டாம், இன ஒதுக்கல் என்று முதல் வரியிலேயே குற்றம் சாட்டவும் வேண்டாம். கூடவே ஒரு வழியையும் அவர்களே சொல்லட்டும்: வழக்கறிஞரோடு அதே மேடையில் பதிவு இலாகாவிலிருந்தோ போலீஸ் தரப்பிலிருந்தோ ஒருவரை அழைக்கத் தயார், நேரத்தில் பாதி கேள்விக்கு ஒதுக்கத் தயார் என்று. மாணவர் விவகாரப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் மாணவர்கள் மட்டும் கையெழுத்திடாமல் மலாய், சீன நண்பர்களையும் சேர்த்தால் அந்தக் கடிதத்தின் கனமே வேறு. பாலிங்குக்காகத் தெருவில் நின்றவர்களிலும் வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் இருந்தார்கள்.

கேள்வி: பேச்சுரிமை என்கிறீர்கள். நம் சமயத்தை இழிவுபடுத்துகிறவரும் பல்கலைக்கழகத்துக்கு வந்து பேசலாமா? இஸ்லாமிய மதப் போதகர் ஜாகிர் நாயக்கை மலாக்காவில் பேச விடாதே என்று நாம் போராடினோமே, அது தவறா? – ஓர் ஆசிரியர், சுங்கைப் பட்டாணி

பதில்: கஷ்டமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

2016 ஏப்ரலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசுவதாக இருந்தது. இந்து சமயத்துக்கும் இஸ்லாத்துக்கும் உள்ள ஒற்றுமைகள் என்று தலைப்பு. இந்து இயக்கங்கள் எதிர்த்தன. போலீஸ் முதலில் தடை என்றது, பிறகு தலைப்பு மாறியது, கூட்டம் நடந்தது. எதிர்த்தது தவறில்லை. அறிக்கை விடுவதும், வாசலில் பதாகை பிடிப்பதும், தலைப்பைக் கேள்வி கேட்பதும் பேச்சுரிமையே. "போலீஸ் தடுக்கட்டும்" என்று நாமே கேட்ட இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். இந்து சமயத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்களா, எங்கள் அறிஞர் ஒருவரையும் அதே மேடையில் உட்கார வையுங்கள், மாணவர்கள் இருவரையும் கேள்வி கேட்கட்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். அப்படி நின்றிருந்தால் மறுப்பதற்குப் பல்கலைக்கழகத்திடம் நியாயம் இருந்திருக்காது.

ஒரு சட்ட நுணுக்கத்தையும் ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது. கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது விதி பேச்சுரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. ஜாகிர் நாயக் குடிமகன் இல்லை, நிரந்தரவாசி. அவருக்கு மேடை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. அது அவர்களாக விரும்பிச் செய்தது. நான் வாதாடுவது அங்கே உட்கார்ந்து கேட்ட மாணவர்களுக்காக. என் கோபமும் அதைப் பற்றியதுதான்: குடிமகன் அல்லாதவருக்கு ஒரு பல்கலைக்கழகம் அரங்கு திறந்தது, இந்த மண்ணின் குடிமகனும் அன்றைய எதிர்க்கட்சித் தலைவருமான அன்வாருக்கு இன்னொரு பல்கலைக்கழகம் விளக்கை அணைத்தது. இந்தப் பாரபட்சத்தைத்தான் நாம் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தட்டிக் கேட்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் கோத்தா பாருவில் அவர் பேசியது வேறு விஷயம். மலேசிய இந்துக்களின் விசுவாசத்தைச் சந்தேகித்தார், சீனர்களைப் பழைய விருந்தாளிகள் என்றார். புகார்கள் குவிந்தன, போலீஸ் விசாரித்தது, பொதுக்கூட்டங்களில் பேசத் தடை வந்தது, அவர் மன்னிப்பும் கேட்டார். சொன்ன சொல்லுக்காக ஒருவரை விசாரிப்பது நியாயம். ஓர் இனத்தைப் பார்த்து நீ இந்த நாட்டவன் இல்லை என்று தூண்டிவிடுகிறவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் என்ன சொல்வார் என்று ஊகித்து, வாய் திறக்குமுன் பூட்டுவதற்கு நாம் அதிகாரம் கொடுத்தால் அந்தப் பூட்டு அடுத்து யார் வீட்டுக்கு வரும்? சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததைப் பாருங்கள். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் வெறுப்பைப் பரப்புகிறது என்று பெயரில்லாத ஒரு கடிதம் டெல்லிக்குப் போனது. 2015 மே மாதம் அந்த மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்து செய்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். சாதியை எதிர்த்துப் பேசியதற்கே வெறுப்பு என்று பெயர் வைக்க முடிந்தது. சிறுபான்மையாக இருக்கிற நாம் இந்தத் தடைக் கருவியை யார் கையிலும் கூர்மையாக்கித் தரக்கூடாது என்பதே என் திடமான கருத்து.

மனம் புண்பட்ட பிள்ளைகளுக்கு நான் சொல்வது: போகாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. போனால் மைக் வரும் வரை உட்காருங்கள், கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். ஆசிரியராகிய நீங்கள் ஐந்தாம் படிவத்திலேயே இதைப் பழக்கலாம். நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்குக் கொடுக்கிற நேரத்தில் கால்வாசியைக் கேள்வி கேட்கும் பயிற்சிக்கும் கொடுங்கள். மனப்பாடம் செய்த மூன்று நிமிடப் பேச்சுக்குக் கோப்பை கொடுக்கிறோம், குறுக்குக் கேள்வி ஒன்று வந்தால் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது.

கேள்வி: நான் பீடோங் பக்கம் தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். 'ஆக்கு' சட்டம் எங்களுக்கும் உண்டா? வெளியாரைப் பேச அழைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? – ஒரு மாணவர்

பதில்: உங்களுக்கு அது பொருந்தாது தம்பி. எய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மெர்போக்கில் வளாகம் உள்ள யு.ஐ.டி.எம்.-க்கு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கென்றே 1976-ல் வந்த தனிச் சட்டம். அதன் மாணவர்களின் ஒழுங்கு விஷயத்திலும், சுங்கைப் பட்டாணி ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறும் நம் தமிழ்ப்பள்ளி வருங்கால ஆசிரியர்களுக்கும் 1976-ஆம் ஆண்டின் 174-ஆவது சட்டம். 2011-ல் அந்த நால்வர் வாங்கிய தீர்ப்பு 'ஆக்கு' பிரிவைப் பற்றியது. அதை அப்படியே உங்கள் நிர்வாகத்திடம் காட்டி வாதாட முடியாது.

அனுமதி கேட்பது உங்கள் மாணவர் விவகாரப் பிரிவிடம். நிகழ்ச்சிக்கு ஒரு மாதமாவது முன்னால் விண்ணப்பியுங்கள். பேச்சாளர் பெயர், தலைப்பு, நேரம், கேள்வி நேரம் நான்கையும் எழுதுங்கள். பெயரை மறைத்துவிட்டுக் கடைசி நாளில் போடாதீர்கள், அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு விதிகளை வாங்கி ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். சேர்ந்த நாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பது அந்த விதிகளுக்குத்தான்.